வேலிக்கு இருபுறமும்

காண்பது வேறு, அறிவது வேறு. பயணம் செல்வோருள் கண்டு திரும்புவோர் பலர். அறிந்து திரும்புவோர் சிலரே. இவ்வேறுபாட்டை உணர்த்த அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங் மாநிலத்துச் சாலைகள் தக்க சான்றாகும்.

உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய எல்லோஸ்டோன் 1872 இல் அங்கே அமைக்கப்பெற்றது. அதன் தெற்கே டீட்டன் மலைத்தொடரும், அடிவாரத்தில் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கும் உள்ளன. 2021 இல் எல்லோஸ்டோனில் மட்டும் 48 இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. வந்தோருள் பலர் வெந்நீர் ஊற்றுகளையும் காட்டெருமைகளையும் படம்பிடித்துக்கொண்டு விரைகின்றனர். வேலிக்கு அப்பால் மாடு வளர்ப்பவரின் மனத்தில் இருப்பது யாது என்று கேட்க அவர்களுக்குப் பொழுதில்லை.

கேட்பின், அக்காட்சிக்குப் பின்னே நெடிய வழக்கொன்று இருத்தல் புலனாகும். பள்ளத்தாக்கின் பண்ணை நிலங்கள் பலவற்றை இளைய ஜான் ராக்பெல்லர், தம் பெயர் வெளிப்படாதவாறு ஒரு நிறுவனத்தின் வாயிலாக வாங்கினார். அவற்றைப் பூங்காவுக்கு வழங்குவதே அவர் நோக்கம். 1943 இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அப்பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். மேய்ச்சல் நிலமும் வட்டாரத்தின் வரி வருவாயும் பறிபோகுமென அஞ்சிய பண்ணையாளர், நூற்றுக்கணக்கான மாடுகளை அந்நிலத்தின் குறுக்கே ஓட்டிச் சென்று தம் எதிர்ப்பைக் காட்டினர்.

1950 இல் அந்நிலம் கிராண்ட் டீட்டன் பூங்காவோடு இணைந்தது. ஆயினும் மேய்ச்சல் உரிமை பெற்றிருந்தோருக்கு அவ்வுரிமையும், வட்டாரத்துக்கு வரியிழப்பு ஈட்டுத்தொகையும் சட்டத்தில் இடம்பெற்றன. அன்று மாடு ஓட்டியவர்களுள் ஒருவரான கிளிபோர்ட் ஹேன்சன் பின்னாளில் மாநில ஆளுநராகவும் செனட் உறுப்பினராகவும் உயர்ந்தார். தம் பழைய எதிர்ப்புத் தவறென்று அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய அச்சத்துக்குச் சட்டம் செவிசாய்த்தது. பூங்காவின் நன்மைக்கு அவர் மனம் இணங்கியது. இரண்டும் போற்றத்தக்கனவே.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் எல்லோஸ்டோனில் கொண்டுவந்து விடப்பெற்றன. காட்டின் சமநிலையை விழைவோர்க்கு அது மகிழ்ச்சி. கன்றை இழக்கும் பண்ணையாளர்க்கோ துயரம். பூங்காவுக்கும் பண்ணைக்கும் முன்பே அம்மண்ணில் வாழ்ந்த ஷோஷோனி முதலிய தொல்குடியினரின் இழப்போ இவ்விரு தரப்பாரின் பேச்சிலும் அரிதாகவே ஒலிக்கிறது.

ஆதலின், இத்தகைய நிலங்களுக்கு அறுவர் அல்லது எண்மர் ஒரே ஊர்தியில் சேர்ந்து செல்வதே சிறந்தது என்பது என் துணிபு. பெரும் பேருந்தில் செல்வோரை யான் இகழவில்லை; அதில் செலவு குறைவு, எரிபொருளும் மிச்சம். எனினும் ஐம்பதின்மர் திடுமென ஒரு பண்ணை வாயிலில் நின்றால் அது கூட்டம். அறுவர் நின்றால் விருந்து. விருந்தினரிடமே வீட்டார் மனந்திறந்து பேசுவர். விருந்தினரை ஏற்றுத் தங்கவைக்கும் பண்ணைகளும் அங்கு உள. பகலில் பூங்காவின் வனக்காவலர் சொல்வதைக் கேட்டு, இரவில் பண்ணையாளர் சொல்வதைக் கேட்டு உறங்கச் செல்பவன், எளிதில் எவரையும் பழிக்கத் துணியான்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்கள் எந்நாட்டுச் சாலையில் செல்ல நேரினும், இயற்கையின் எழிலைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவ்வெழிலைக் காக்க யார் என்ன இழந்தனர் என்றும் கேளுங்கள். வேலிக்கு இருபுறமும் நின்று பார்த்தவனே அந்நிலத்தை அறிந்தவன்.