பிறர் காணியில் போடும் கொட்டிலுக்குக் கொங்கிறீற் தரை ஏன்?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில ஒன்றுகூடித் தொழில் தொடங்க முன்வந்தால், முதலில் எழுவது வேலைக் கொட்டில் பற்றிய பேச்சுத்தான். தச்சுவேலை, ஒட்டுவேலை, கலப்பை திருத்துதல் எதுவாயினும் ஒரு பெரிய கூரை வேண்டும். கூரைக்கும் மரத்துக்கும் போக மிஞ்சும் பணம் முழுவதும் தரைக்குள் போய்விடுகிறது. கொங்கிறீற் போடாவிட்டால் அது கொட்டிலே அல்ல என்று திட்ட அலுவலர்கள் நினைக்கிறார்கள். எமது மக்களும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த எண்ணம் மாறவேண்டும் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 40 அடி நீளம், 20 அடி அகலம் என்றால் 800 சதுர அடி. 3 அங்குலத் தடிப்பில் 1:3:6 கலவை போட்டால் இரண்டு கியூப் கொங்கிறீற். அதற்கு ஏறத்தாழ 25 பை சீமெந்தும், இரண்டு கியூபுக்குக் கிட்டச் சல்லியும், ஒரு கியூப் மணலும் வேண்டும். மேசனின் கூலி வேறு. 2022 நெருக்கடியின்போது சீமெந்து விலை எப்படி ஏறியது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

விலையை விடப் பெரிய கேள்வி, இந்தக் கொங்கிறீற் யாருடைய காணியில் போடப்படுகிறது என்பது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் பலர் மல்லாகம், சுன்னாகம் பகுதிகளில் பிறருடைய காணிகளில் அமைந்த முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். 2009 க்குப் பின்னர் சொந்தக் காணிகள் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்பட்டன. ஊர் திரும்புகிறவர் தகரத்தைக் கழற்றலாம், மரத்தை ஏற்றலாம், கதவு நிலையையும் கொண்டுபோகலாம். கொங்கிறீற்றை என்ன செய்வது? ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களை, இன்னொருமுறையும் விட்டுச்செல்லும்படி நாமே ஏற்பாடு செய்துகொடுக்கிறோம்.

கொட்டிலுக்கு மண் தரை போதும். ஆனால் அதை ஒழுங்காகப் போடவேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் சீமெந்து கிடைக்காதபோது, புற்றுமண்ணை இடித்துச் சாணத்தால் மெழுகித்தானே சீவித்தோம்? அந்தக் கைப்பழக்கம் இன்னும் பலரிடம் உண்டு. தேவையானது சிறிது திருத்தம்தான்.

மேல்மண்ணையும் வேர்களையும் முற்றாக அகற்றுங்கள். வெளிநிலத்திலிருந்து ஓரடியாவது உயரும்படி கிரவல் நிரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. ஆறு அங்குலம் போட்டு, நனைத்து, பனங்குற்றியால் இடித்து, அதன்மேல் அடுத்த ஆறு அங்குலம். இடிக்கும் வேலையை ஒப்பந்தகாரரிடம் கொடுக்காதீர்கள். அந்தக் கூலி உங்கள் குடும்பங்களுக்கே வரட்டும். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி மண்ணை உருட்டி நெஞ்சளவு உயரத்திலிருந்து விடுங்கள். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. உடையாமல் சப்பளிந்தால் ஈரம் கூடிவிட்டது. நாலைந்து துண்டாக உடைந்தால் இடிக்கலாம்.

கடைசி 2 அங்குலத்துக்கு மட்டும் 15 பங்கு கிரவலுக்கு 1 பங்கு சீமெந்து கலந்தால் தரை தூசி கிளப்பாது. 800 சதுர அடிக்கும் 10 பை போதும். நடக்கும் வழிக்கும் வேலை மேசையைச் சுற்றியும் மட்டும் போட்டால் அதில் பாதி. தண்ணீர் சேர்த்த கலவையை ஒரு மணித்தியாலத்துக்குள் இடித்து முடித்து, ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். இந்த ஏழு நாளில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு மண் தரையைத் திட்டுகிறார்கள்.

முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி நிலத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்த மண் மாரியில் பொருமும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேரே போட்ட கொங்கிறீற்றும் வெடிக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து கிரவல் கொண்டுவரத்தான் வேண்டும். எந்த நிலமாயினும் சுற்றிவரக் கான் வெட்டாமல் மாரியைச் சந்திக்காதீர்கள்.

எல்லா இடத்துக்கும் மண் தரை சரி என்று நான் வாதாட வரவில்லை. மா அரைக்கும் இடமும் உணவுப் பொருள் பொதி செய்யும் இடமும் கழுவக்கூடிய தரையாக இருக்கவேண்டும். அதிரும் இயந்திரத்துக்கு அதன் அடியில் மட்டும் தனியாக ஒரு கொங்கிறீற் கட்டை போடுங்கள். கடைச்சல் இயந்திரத்துக்குத் தூசி ஆகாது. ஒட்டுவேலை செய்யும் இடத்தில் ஈரம் நிற்கக்கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

கையில் கொஞ்சம் பணம் கூட இருந்தால், இடித்த கிரவலின்மேல் 2 அங்குலம் மணல் பரப்பிச் செங்கல் அடுக்குங்கள். சதுர அடிக்கு நான்கு கல் அளவில் போகும். ஓரக்கல்லை மட்டும் சாந்து வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் வரிசை பரந்துவிடும். இடைவெளிகளுக்கு மணல் கூட்டித் தள்ளினால் போதும். ஊருக்குப் போகும் நாளில் கல்லைக் கிளப்பி உழவியந்திரப் பெட்டியில் ஏற்றலாம். அங்கே வீட்டுத் திண்ணைக்காவது ஆகும்.

உதவி தரும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன். தரையில் மிச்சப்படுத்திய பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். அது ஆயுதங்கள் வாங்கப் போகட்டும். வாளும் சீவுளியும் இல்லாமல் வெறும் கொங்கிறீற் தரையோடு பூட்டிக் கிடக்கும் கொட்டில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

குழுக்களுக்கும் ஒன்று. முதல் குற்றி நடுமுன்னர் காணிக்காரரோடு இருந்து பேசி, கிராம அலுவலர் முன்னிலையில் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தகரம், மரம், கல் யாவும் குழுவுக்குரியவை, போகும்போது கழற்றிச் செல்லலாம், இடித்த கிரவல் அவருக்கு என்று அதில் தெளிவாக இருக்கட்டும்.