கோளாறு கம்பெனிக்கு! கூலி வெட்டு நமக்கா?

தோழர்களே! பட்டணத்துப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்றே தனிப் பக்கம் போடுகிறார்கள். புதுப் போன் வந்துவிட்டதாம்! போன வருஷத்துப் போனைவிட ஒரு நூல் மெலிசாம்! விலை ஒரு லட்சத்துக்கும் மேலாம்! ஜவ்வாது மலையில் சாமை விதைத்து அறுக்கிறவனும், மில்லில் இரவு ஷிப்டு நிற்கிறவனும் "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பாதீர்கள். நம்முடைய கூலிக் கணக்கையும் இன்று அந்தப் பக்கத்துச் சரக்கோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலில் கொஞ்சம் சிரிப்போம். பிறகு கணக்குக் கேட்போம்.

வில்லையும் ஊக்கும்

2024ல் அமெரிக்காவில் ஹ்யூமேன் என்ற கம்பெனி ஒரு வில்லையை விற்பனைக்கு விட்டது. சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. செயற்கை நுண்ணறிவு அதற்குள் குடியிருக்கிறதாம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுமாம். விலை 699 டாலர். அதற்கு மேல் மாதச் சந்தா வேறு! ஒரு வருஷம்கூட ஓடவில்லை. 2025 பிப்ரவரியில் கம்பெனியின் சரக்கை எச்.பி. கம்பெனி வாங்கிக்கொண்டது. பிப்ரவரி 28ந் தேதியோடு வில்லைகள் வாயடைத்துப் போயின. காசு கொடுத்தவன் சட்டையில் மிஞ்சியது வெறும் பில்லை.

நம் வீட்டுப் பெண்கள் தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டியிருக்கிறார்களே, அது பத்து வருஷமானாலும் வேலை செய்யும். எந்தக் கம்பெனியும் அதை அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நிறுத்திவிட முடியாது!

இன்னொன்று கேளுங்கள். பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருளால் குறைத்ததாக ஆப்பிள் கம்பெனி 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசாகிவிட்டதாம், போன் திடீரென்று அணையாமல் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்களாம். வாங்கியவனிடம் முதலில் சொன்னார்களா? அதுதான் இல்லை. தறி விற்றவன் நாலு வருஷம் கழித்து ராத்திரியில் வந்து, உங்களுக்குத் தெரியாமல் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் போனால் என்ன பெயர் சொல்வீர்கள்? அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலே 50 கோடி டாலர் வரை தருவதாக 2020ல் கம்பெனி இணங்கியது. நல்ல யோக்கியதை!

ஒரு காகிதச் சீட்டு

2024 ஜூலை 19ந் தேதி நடந்தது இதையெல்லாம் தூக்கி விழுங்கிவிட்டது. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு வேலையே கம்ப்யூட்டர்களைக் காவல் காப்பது. அன்று அது அனுப்பிய பிழையான ஒரு திருத்தத்தால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் மூர்ச்சை போட்டு விழுந்தன. காவல்காரனே கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதை! ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் தடுமாறின. விமானங்கள் பல ரத்தாயின.

நம் நாட்டு விமான நிலையங்களில் என்ன செய்தார்கள்? "மெஷின் படுத்துவிட்டது. நீ வந்ததற்குச் சாட்சி இல்லை. கட்டிய பணம் போச்சு" என்று பயணிகளை விரட்டினார்களா? இல்லை. பேனாவை எடுத்தார்கள். பெயரையும் இருக்கை நம்பரையும் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு ஜனங்கள் விமானம் ஏறினார்கள்.

செய்தது சரிதான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதச் சீட்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு என்னோடு மலைக்கு வாருங்கள்.

பாறைமேல் ஒரு போன்

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் டில்லி சர்க்கார் ஓர் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. வேலைத் தளத்தில் ஆட்களை நிறுத்தி நாளுக்கு இரண்டு தடவை செல்போனில் போட்டோ எடுக்க வேண்டும். இடமும் நேரமும் அதில் பதிய வேண்டும். ஒரு செயலி வழியாக அது மேலே போக வேண்டும். போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்ததாகக் கணக்கு.

2023 ஆடி மாதம் ஜவ்வாது மலையில் அப்படி ஒரு தளத்துக்குப் போயிருந்தேன். மண் வேலை. காலைப் போட்டோ ஒருவழியாகப் போய்விட்டது. பிற்பகல் போட்டோ போகவில்லை. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணித்தளப் பொறுப்பாளரான பெண் பாறைமேல் ஏறி, போனை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள். போனும் அவளுடையது, அதற்குப் போடும் காசும் அவளுடையது. கீழே மண்வெட்டியும் கூடையுமாக முப்பது பேர். ஒரு பாட்டி கேட்டாள்: "ஏந் தம்பி, இந்தச் செல்லு எங்களப் பாக்குதா, மானத்துல காக்காயப் பாக்குதா?"

எல்லோரும் சிரித்தோம். அப்போது சட்டப்படி நாள் கூலி 294 ரூபாய். அந்த நாளின் கூலி வராமலே போய்விட்டது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

வெட்டிய மண் கண்ணெதிரே கிடக்கிறது. வெட்டியவர்கள் எதிரே நிற்கிறார்கள். நோட்டில் எழுதிக் கைநாட்டு வாங்க ஒரு நிமிஷம் போதும். விமானப் பயணிக்குச் செல்லுகிற காகிதம், மண் வெட்டினவளுக்கு ஏன் செல்லவில்லை?

யுரேனஸ் எட்டும், கோபுரம் எட்டாதா?

"கம்யூனிஸ்டுகள் மெஷினுக்கு விரோதிகள்" என்று சிலர் புறப்படுவார்கள். ஐயா, இதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1977ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்று கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. 1986ல் இந்த நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை தொடங்கியது. 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை இந்த மலையிலிருந்து பார்க்க முடிகிறது. அது விஞ்ஞானம்; தலை வணங்குகிறோம். அடுத்த மேட்டுக்கு அப்பாலுள்ள கோபுரத்தை இந்த மலைப் போன் எட்டவில்லை. இது விஞ்ஞானத்தின் குற்றமா? மலையில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்காமலே டில்லியில் உட்கார்ந்து உத்தரவு போட்டவர்களின் குற்றம்.

"போட்டோவைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் ஏற்றலாமே" என்பார்கள். சிக்னலைத் தேடி நடப்பதற்குக் கூலி யார் தருவது? "விசேஷ நிலைமையில் மாவட்ட அதிகாரி அனுமதித்தால் கையால் பதியலாமே" என்பார்கள். மலையில் சிக்னல் இல்லாதது தினசரி நிலைமை. தினம் தினம் திருவண்ணாமலைக்கு மனுப் போட முடியுமா?

போட்டோவுக்குப் போட்டோ

"கள்ளக் கணக்கை ஒழிக்கத்தான் இதெல்லாம்" என்று ஒரு பெரிய வாதம். கள்ளக் கணக்கு இருந்தது வாஸ்தவம். ஆனால் மஸ்டர் ரோலில் செத்தவன் பெயரை எழுதியவன் கூலிக்காரனா? அவன் கையில் நோட்டே கிடையாது!

சரி, ஒழிந்ததா? 2025 ஜூலையில் டில்லி ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்களாம். ஏற்கெனவே எடுத்த போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து அனுப்புகிறார்களாம். படத்தில் உள்ள தலை வேறு, கணக்கில் உள்ள தலை வேறாம். ஆகவே பஞ்சாயத்து மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஆட்களே சரிபார்க்க வேண்டுமாம்!

பார்த்தீர்களா கூத்தை? மனிதனை நம்பாமல் மெஷினை வைத்தார்கள். மெஷினை நம்பாமல் அதற்குக் காவலாக மனிதனை வைத்தார்கள். வேலையே செய்யாதவனின் போட்டோவுக்குப் போட்டோ மேலே போய்விட்டது. வெயிலில் நின்ற பாட்டியின் முகம் பாறையிலேயே நின்றுவிட்டது.

2005ல் வந்த அந்த வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 டிசம்பரில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். நூறு நாள் 125 நாளாகும் என்று தம்பட்டம். ஆனால் உள்ளே பாருங்கள்: கைரேகை, முகச் சோதனை போன்ற அடையாளப் பரிசோதனை, செல்போன் கண்காணிப்பு, செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷின் தவறினால் கூலிக்கு யார் ஜவாப்தாரி? அதுதான் நம் கேள்வி.

ஒரு நாள் கூலிதானே?

பட்டணத்துக்காரருக்கு இது அற்பமாகத் தோன்றலாம். மலையில் கூலி தப்பினால் மனிதன் மலையை விட்டு இறங்குகிறான். ஏஜெண்டு அழைக்கும் இடத்துக்கெல்லாம் போகிறான். 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசாரின் குண்டுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் பலியானார்களே, அவர்களில் இந்த மலையின் பிள்ளைகளும் உண்டு. செம்மரம் வெட்ட எவனும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஊரில் வேலையும், செய்த வேலைக்குக் கூலியும் நிச்சயமாக இருந்தால் அந்த ஏஜெண்டின் லாரி காலியாகத்தான் திரும்பும்.

மில் தோழர்களே, இது மலைக்காரன் பாடு மட்டும்தானா? கேட்டில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். நூலும் மண்ணும் தேய்த்த விரலை மெஷின் ஏற்க மறுத்தால், "நீ வரவில்லை" என்று கணக்கு எழுதுகிறார்கள். போன் கம்பெனிக்குக் கோளாறு வந்தால் வக்கீல் வருகிறான். விமானக் கம்பெனிக்குக் கோளாறு வந்தால் காகிதம் வருகிறது. தொழிலாளிக்குக் கோளாறு வந்தால் கூலி போகிறது!

நாம் கேட்பது

மெஷின் வரட்டும். அதன் கூடவே நிபந்தனையும் வரட்டும். சிக்னல் இல்லாத இடத்தில், யார் அனுமதியும் கேட்காமல், கையால் எழுதிய வருகைப் பதிவேடு செல்ல வேண்டும். பொறுப்பாளருக்குப் போனும் அதன் செலவும் சர்க்கார் தர வேண்டும். மெஷின் பிழையால் கூலி நின்றால், பிழை செய்தவர்கள் நஷ்டஈட்டோடு கட்ட வேண்டும். கணக்கைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். வேலை செய்தவன் யார், செய்யாதவன் யார் என்று ஊருக்குத் தெரியும்.

அதுவரைக்கும் ஒரு வேலை செய்யுங்கள். நாலணா நோட்டானாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தளத்திலும் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, பெயர், செய்த வேலை, கையெழுத்து. போட்டோ போகாத நாளை வட்டமிட்டு வையுங்கள். நோட்டோடு எல்லோரும் சேர்ந்து ஆபீசுக்குப் போங்கள். போனில் வட்டம் சுற்றினால் அது கோளாறு. முப்பது பேர் நோட்டோடு ஆபீஸ் வாசலைச் சுற்றினால் அதற்கு ஜவாப் சொல்லியே ஆக வேண்டும்!