தேளுக்கு அம்மா வழி மட்டும் போதுமா?

ரொம்ப நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கமே தலைகாட்ட முடியல. இன்னிக்கு வந்ததுக்கு ஒரே காரணம், வயித்தெரிச்சல். எங்கயாவது கொட்டித் தீர்க்கணுமில்ல?

போன வருஷம் ஆன்சைட்னு அரிசோனா மாநிலத்துல ஃபீனிக்ஸ் நகரத்துல ஆறு மாசம் குப்பை கொட்டினேன். அந்த ஊருக்குப் புதுசா போறவனுக்கு முதல் அட்வைஸ், "ஷூவைத் தட்டிட்டுப் போடு". ராத்திரி புற ஊதா டார்ச் அடிச்சுப் பார்த்தா காம்பவுண்டு சுவத்துல பச்சையா மின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், பார்க் ஸ்கார்ப்பியன். நம்ம சுண்டுவிரல் நீளம்தான். எங்க டீம்ல ஒரு அண்ணனோட மூணு வயசுப் பொண்ணை ஒரு நாள் ராத்திரி அது கொட்டிருச்சு. குழந்தைக்குக் கண்ணு ஒரு இடத்துல நிக்கல, சுத்துது. கை கால் தானா வெட்டி வெட்டி இழுக்குது. ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து ஏத்தின சில மணி நேரத்துல பாப்பா ஜூஸ் கேட்டா. அதுவரைக்கும் அண்ணி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல.

அடுத்த வாரம் பாட்லக். பேச்சு தேள் பக்கம் திரும்புச்சு. ஒருத்தர் (சீனியர் ஆர்க்கிடெக்ட்டாம்) புளியோதரையை அமுக்கிக்கிட்டே, "தேளோட டிஎன்ஏவை ஆராய்ச்சி பண்றானுங்களாம் பாஸ், யாரு காசு? அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன கிழிக்கப் போறாங்க?"ன்னார். இன்னொருத்தர் அவருக்கு மறுப்பு சொல்றேன்னு, "அப்படியில்ல, டிஎன்ஏ சொல்லிருச்சுன்னா முடிஞ்சுது, அப்பீலே கிடையாது"ன்னார்.

ரெண்டு பேருமே தப்பு. அந்த டிஎன்ஏ என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது, அதான் காரணம்.

சரி, மேட்டருக்கு வருவோம். தேளோட பரிணாம ஆராய்ச்சியில ரொம்ப காலமா அதிகம் புரட்டப்பட்டது மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏ. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற குட்டி அறைக்குன்னு தனியா இருக்கிற டிஎன்ஏ. சுமார் 15,000 எழுத்து, வழக்கமா 37 ஜீன், அவ்வளவுதான். ஒரு செல்லுல நூத்துக்கணக்குல காப்பி இருக்கும். அதனால ஒரே ஒரு கால் துண்டு கிடைச்சாலும் படிச்சிடலாம். வேகமா மாறும், அதனால நெருங்கின சொந்தக்காரங்களைக்கூடப் பிரிச்சுக் காட்டும். முக்கியமா, அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும்.

முதல் அண்ணாச்சிக்குப் பதில் ஃபீனிக்ஸ்லயே இருக்கு. மெக்சிகோவுல பாஹா கலிபோர்னியான்னு நீளமா ஒரு தீபகற்பம். அங்க இருக்கிற ஒரு தேளுக்கு 1863ல வுட் வச்ச பேரு எக்ஸிலிகாடா. அரிசோனா தேளுக்கு 1928ல யூவிங் வச்ச பேரு ஸ்கல்ப்சுராட்டஸ். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. 1980ல வில்லியம்ஸ், ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரே பேருல சேர்த்துட்டார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா டாக்டர்கள் கட்டுரையிலயும் அரிசோனா தேளுக்கு எக்ஸிலிகாடான்னுதான் பேரு ஓடுச்சு.

2001ல கான்டென்பைன், ஃபெட், பார்க்கர் மூணு பேரும் மைட்டோகாண்ட்ரியாவைப் படிச்சுப் பார்த்தாங்க. ஒரே இனம்னு சொல்லப்பட்டதுக்குள்ள ஆழமான பிளவு. அங்கதான் சந்தேகம் வலுத்துச்சு. 2004ல வால்டெஸ் குரூஸ் குழு விஷத்தையே பிரிச்சு ஒப்பிட்டாங்க. அரிசோனா தேளோட விஷம் நரம்போட சோடியம் வாசலைக் குலைக்கிற ரகம். அந்தப் பாப்பாவோட கண்ணு சுத்தினதும் கால் வெட்டினதும் இந்த ரகத்தோட வேலைதான். பாஹா தேளோட விஷத்துல அந்தச் சேட்டை தெரியல, பாலூட்டிகளுக்குப் பெரிய ஆபத்தும் இல்ல. ஆக, ரெண்டும் வேற வேற.

யோசிச்சுப் பாருங்க மக்கா. குழந்தையை ஐசியூவுக்கு அனுப்புற தேளும், பெருசா ஒண்ணும் பண்ணாத தேளும் இருபது வருஷத்துக்கு மேல ஒரே பேருல இருந்திருக்கு. பாஹா தேளை எடுத்து விஷத்தைச் சோதிச்சுட்டு "இந்த இனம் சாது"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இதுக்கு அப்புறமும் "என்ன கிழிச்சாங்க"ன்னா, வெளங்கிரும்.

(மருந்தே இந்த ஆராய்ச்சியாலதான் வந்துச்சுன்னு கதை விட மாட்டேன். 2011ல அமெரிக்க அரசு அனுமதி கொடுத்த அந்த மருந்து, மெக்சிகோ தேள்களோட விஷத்தைக் குதிரைக்கு ஏத்தித் தயாரிக்கிறது. அது தனி உழைப்பு.)

இப்ப ரெண்டாவது அண்ணாச்சி. உண்மையில இவர்தான் டேஞ்சர். முதல் ஆளு ஆராய்ச்சியைத் திட்டுறார், இவர் அதைச் சாமியாக்கிடறார்.

பல தேள் இனத்துல பொம்பளை தன் பொந்தை விட்டு அதிகம் நகராது. குட்டி போட்டு முதுகுல சுமந்துக்கிட்டு அங்கயே கிடக்கும். இணை தேடி ஊர் சுத்துறது ஆம்பளை. இப்ப பக்கத்து பக்கத்து ரெண்டு பள்ளத்தாக்கை எடுத்துக்குங்க. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தா "இவங்க பிரிஞ்சு பல லட்சம் வருஷமாச்சு"ன்னு சொல்லும். ஏன்னா அம்மாக்கள் யாருமே மலையைத் தாண்டல. ஆனா அப்பன்கள் வருஷா வருஷம் தாண்டிக் குதிச்சுப் போய் மத்த ஜீனையெல்லாம் கலந்துகிட்டே இருந்திருக்கலாம். அந்தக் கலப்பு இந்தக் கணக்குல வரவே வராது. உடனே "புது இனம் கண்டுபிடிப்பு"ன்னு பேப்பர்ல போட்டா?

நம்ம பாஷையில சொன்னா, ப்ராஜெக்ட்ல நாற்பது பேர் கோட் எழுதியிருக்கான், நீங்க ஒருத்தனோட செக்-இன்னை மட்டும் பார்த்துட்டு முழு வரலாறும் தெரியும்னு சொல்றீங்க. இதுல இன்னொரு கூத்தும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா துண்டுகள் சில சமயம் செல்லோட மெயின் டிஎன்ஏவுக்குள்ள காப்பி-பேஸ்ட் ஆகி, செத்த கோட் மாதிரி கிடக்கும். அசந்தா அதை எடுத்து அசல்னு படிச்சிருவோம்.

சீனத் தேளோட முழு ஜீனோமை 2013ல வெளியிட்டாங்க. 32,000க்கும் மேல ஜீன். அந்தப் பக்கம் 32,000, இந்தப் பக்கம் 37. 2015ல பிரசாந்த் சர்மா குழு நிறைய ஜீன்களை ஒண்ணா வச்சுப் பார்த்தப்போ, உடம்பு அமைப்பை வச்சுப் போட்டிருந்த பழைய குடும்பப் பிரிவுகள்ல பல ஆட்டம் கண்டுச்சு. அப்ப உருவத்தை மட்டும் நம்பினாலும் தப்பு, ஒத்தை டிஎன்ஏவை மட்டும் நம்பினாலும் தப்பு.

அந்த அரிசோனா விஷயத்தையே திரும்பப் பாருங்க. மைட்டோகாண்ட்ரியா கேஸைத் திறந்துச்சு. விஷம் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தீர்ப்பு. மைட்டோகாண்ட்ரியா நல்ல சாட்சிதான், ஆனா அம்மா வீட்டுச் சாட்சி. அதைக் கோர்ட்டுக்கே வராதேங்கிறவனும் முட்டாள், அதையே ஜட்ஜ் நாற்காலியில உட்கார வைக்கிறவனும் முட்டாள்.

அன்னிக்கு அந்த ரெண்டு பேர்கிட்ட இதையெல்லாம் சொன்னியான்னு கேக்காதீங்க. ஒருத்தர் கையிலதான் என் அப்ரைசல் இருந்துச்சு. அதான் இங்க வந்து புலம்பறேன், ஹி ஹி.

டிஸ்கி: பாப்பா இப்ப ஸ்கூல் போறா. ஷூவை அவளேதான் தட்டிப் போடறாளாம், ரெண்டு தடவை.