லைன் வீட்டுக் கதவுகளைத் தட்டுங்கள், தோழர்களே!

2021 மே, கொரோனா ஊரடங்கு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஷட்டர்கள் இறங்கிவிட்டன. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் இந்த ஊரை நிறுத்திக் காட்டியவர்கள் நாம். அன்று மிஷினை நிறுத்தியது தொழிலாளி. இன்று நிறுத்தியிருப்பது கிருமி. அன்று நம்மிடம் கோரிக்கை இருந்தது, பந்தல் இருந்தது, கூடி உட்கார இடமிருந்தது. இன்று கூடுவதே ஆபத்து. அதனால் நம் தொழிற்சங்கத்துக்கும் ஊரடங்கு என்று ஆகிவிடுமா? வாட்ஸ்அப்பில் இரங்கல் படம் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குக் காத்திருக்கிற வேலை நமக்கு வேண்டாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. தினமும் 400 பேருக்கு மேல் சாகிறார்கள், அதுவும் கணக்கில் வந்தவர்கள் மட்டும். சென்னையில் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்திருக்கிறது. மே 26 அன்று தினசரித் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டிவிட்டது. அலை மேற்கே வந்துவிட்டது. கோவையும் ஈரோடும் திருப்பூரும் வேலைக்காக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற ஊர்கள். அங்கே எரிவது இங்கே பற்றாது என்று யாரும் தூங்க முடியாது.

ஆஸ்பத்திரிகளின் நிலை உங்களுக்குத் தெரியும். மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் கதறினார்கள். அதற்குப் பிறகுதான் துர்காபூரிலிருந்து ரயிலில் ஆக்சிஜன் வந்தது, கட்டில்கள் கூடின, ஆம்புலன்ஸ்கள் கூடின. புது மாநில அரசு ஓடியாடி வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளைப்போல மூன்று மடங்கு பேரைப் பார்த்துக்கொண்டு, கவச உடைக்குள் வேர்த்து வழிந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறார். அவர்களில் பலர் ஒப்பந்தச் செவிலியர்கள். அந்த வார்டைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளரும் ஒப்பந்தம்தான். போன வருடம் அவர்களுக்காகக் கைதட்டிய நாடு அவர்களை நிரந்தரமாக்கவில்லை. இந்தக் கணக்கைப் பிறகு தீர்ப்போம். மறக்க மாட்டோம்.

இப்போது நான் பேச விரும்புவது ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்திய நாட்களைப் பற்றி. கட்டில் இல்லாமல் சாகிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கட்டில் கிடைத்தும் பிழைக்காதவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்களில் நிறையப் பேர் தாமதமாக வந்தவர்கள். முதல் நாள் உடம்பு வலி, இரண்டாம் நாள் காய்ச்சல். மெடிக்கலில் சொல்லி வாங்கிய நாலு மாத்திரை. நான்காம் நாள் காய்ச்சல் விடுகிறது, சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிறது. அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் 80க்கு வந்திருக்கும். இந்த நோயின் சூதே அதுதான்: உள்ளே அளவு இறங்கிக்கொண்டிருக்கும், ஆள் எழுந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

ஏன் தாமதம்? அறியாமை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அது சோம்பேறித்தனமான பதில். டெஸ்ட் எடுத்தால் லைன் வீட்டுக் காம்பவுண்டுக்கே தகரம் அடித்து அடைப்பார்கள் என்ற பயம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொட்டலமாகத்தான் வருவோம் என்ற பயம். பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ் இருக்கிற லைன் வீட்டில், 'தனி அறையில் தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று டிவியில் சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கிற இடத்தில் எந்த அறை தனி?

ஆகவே நம் வேலை இங்கே தொடங்குகிறது. ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் அங்கேயே குடியிருக்கிற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வெளியிலிருந்து போகிறவர் வேண்டாம். பெண்களாக இருந்தால் நல்லது. யார் வீட்டில் இருமல் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர் கையில் ஒரு ஆக்சிமீட்டர், கொஞ்சம் பாராசிட்டமால், நம்முடைய போன் நம்பர். காய்ச்சல் கண்டவரின் விரலில் காலையும் மாலையும் மாட்டிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். நகப்பூச்சு, மருதாணி இருந்தால் அளவு தப்பலாம். சாயப்பட்டறைத் தோழர்களின் விரல்களை நன்றாகக் கழுவிவிட்டு, சாயம் ஏறாத நகமாகப் பார்த்து மாட்டுங்கள். 94க்குக் கீழே போனால் விவாதம் வேண்டாம், 104 உதவி எண்ணுக்கு அழையுங்கள், 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 95, 96 காட்டுகிறதே என்று நிம்மதி அடைபவரை ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். நடந்ததும் மளமளவென்று இறங்கினால் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்தான். வண்டி வருகிறவரை குப்புறப் படுக்க வையுங்கள். நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்று போக அது உதவும், செலவும் இல்லை.

மெடிக்கல்களில் காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு கலந்து கொடுக்கிறார்கள் என்று பல இடங்களிலிருந்து சேதி வருகிறது. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் டாக்டர் கொடுத்தால் அது உயிர் காக்கும். காய்ச்சல் கண்ட மறுநாளே விழுங்கினால் கெடுதல். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வரை கொண்டுபோய் விடும். இன்னொரு பக்கம், சென்னை கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் வாங்க ராத்திரி பகலாக வரிசையில் நின்றார்களே, அந்த மருந்து சாவைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. தாலியை அடகு வைத்துக் கள்ளச் சந்தையில் வாங்கினார்கள். நம் ஆட்கள் யாரும் அந்தக் கண்ணியில் விழக் கூடாது. தனியாரிடம் போக நேர்ந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போங்கள். அட்டையை ஏற்க மறுத்தால் அங்கேயே நின்று நமக்குப் போன் போடுங்கள்.

அடுத்தது வடமாநிலத் தோழர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள். போன வருடம் நடந்தே ஊர் போனவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். இவர்களுக்கு இங்கே ரேஷன் அட்டை இல்லை, அதனால் அரசு தரும் நிவாரணம் இரண்டாயிரம் ரூபாயும் இல்லை. காய்ச்சலைச் சொல்ல மொழியும் இல்லை. கம்பெனி விடுதியில் பூட்டி வைத்திருந்தால் உள்ளே எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்தி தெரிந்த தோழர் யாராக இருந்தாலும் இந்த வேலைக்கு வந்தாக வேண்டும். அரிசி பருப்பு கொடுக்கும்போதே ஆக்சிமீட்டரையும் கொண்டுபோங்கள்.

இனி ஊசி. மே 20 அன்று 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கான தடுப்பூசியை முதலமைச்சர் நம் திருப்பூரில்தான் தொடங்கி வைத்தார். ஆனால் அந்த வயதுத் தொழிலாளி அதைப் போட்டுக்கொள்ள கோவின் என்கிற இணையதளத்தில், ஆங்கிலத்தில், ஓடிபி வந்ததும் வேகமாக விரலை ஓட்டி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. பட்டன் போனில் அது எப்படி முடியும்? மே 24 முதல் அரசு மையங்களில் நேரில் பதியலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். இதை எத்தனை காம்பவுண்டுகளில் சொல்லியிருக்கிறோம்?

பனியன் தொழிலாளி ஊசிக்குத் தயங்குவதற்கு வதந்தி மட்டுமே காரணமில்லை. பீஸ் ரேட்காரருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. இப்போது கம்பெனி மூடியிருக்கிறது. காய்ச்சல் வந்தாலும் இழக்கக் கூலி இல்லை. கொடுமையான வாய்ப்புத்தான், ஆனாலும் வாய்ப்பு. ஷட்டர் ஏறுவதற்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். ஷட்டர் ஏறிய பிறகு இரண்டாவது ஊசிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்டுப் போராட வேண்டும். கோவிஷீல்டு போட்டவருக்கு அது 12 வாரத்துக்குப் பிறகு வரும், கோவாக்சின் என்றால் நான்கு வாரத்திலேயே. கோரிக்கையை இப்போதே எழுதி வையுங்கள்.

வதந்திகளும் இருக்கின்றன. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டார், 17 அன்று மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். நம்மைச் சிரிக்க வைத்தவர், மரம் நட்டவர். அந்த அதிர்ச்சி ஜனங்களை உலுக்கியதில் ஆச்சரியமில்லை. அவருடைய இதய ரத்தக் குழாய் ஏற்கனவே முழுதாக அடைத்திருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதைச் சொல்லுங்கள். கேலி செய்யாமல் சொல்லுங்கள். மாதவிலக்கு நாட்களில் போடக் கூடாது என்பது பொய். பால் கொடுக்கும் தாய்மார்கள் போடலாம் என்று இந்த மாதம் அறிவித்துவிட்டார்கள். இருகூர்ப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிளேக் வந்தபோது கோவையில் பிளேக் மாரியம்மன் வந்தாள் அல்லவா, அதே வழி. கும்பிடுகிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கும்பிட்டுவிட்டு ஊசிக்கு வரட்டும்.

வரிசையில் நின்று பார்த்தால் ஊசி தீர்ந்துவிட்டது என்கிறார்கள். மத்திய அரசு 150 ரூபாய்க்கு வாங்கும் கோவிஷீல்டை மாநிலம் 300க்கு வாங்க வேண்டுமாம், தனியார் ஆஸ்பத்திரி 600க்கு. மத்திய பட்ஜெட்டில் தடுப்பூசிக்கு என்று ஒதுக்கிய 35,000 கோடி ரூபாய் எதற்கு? செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் சுமார் அறுநூறு கோடி ரூபாய்க்குக் கட்டிய பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் ஒரு குப்பிகூட உற்பத்தி செய்யாமல் நிற்கிறது. மே 25 அன்று முதலமைச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தையும் கிண்டி பிசிஜி ஆய்வகத்தையும் 2008இல் முடக்கியது யார் என்பதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லோருக்கும் இலவச ஊசி, அதுவும் தொழிலாளி குடியிருக்கிற தெருவில். இந்தக் கோரிக்கையை வீட்டு வாசலில் அட்டை பிடித்து நின்று எழுப்புவோம். கூட்டம் கூட வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஆட்சியருக்கு மனுவோடு போகும்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இது வீரம் காட்டுகிற இடமில்லை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள மூத்த தோழர்கள் வீட்டிலிருந்தபடி போன் வேலையைப் பாருங்கள். வெளியே வந்தால் திருப்பி அனுப்பப்படுவீர்கள். களத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மாஸ்க் போட வேண்டும், நோயாளியின் அறைக்குள் நுழையாமல் வாசலில் நின்று பேச வேண்டும். ஒரு தெருவுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஊரடங்கு மே 31 வரை என்கிறார்கள், நீளும் என்றுதான் தெரிகிறது. போலீஸ் நிறுத்தினால் பதிலுக்குப் பேசி நேரத்தை வீணாக்காமல் கையிலுள்ள அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்.

வேலம்பாளையம், அனுப்பர்பாளையம், நல்லூர், வீரபாண்டி, இந்த நாலு பகுதியிலும் நாளைக் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகிறது. உங்கள் காம்பவுண்டில் எத்தனை வீடு, எத்தனை பேர், காய்ச்சல் யாருக்கு, ஊசி போடாதவர் யார் என்று ஒரு தாளில் எழுதி இன்று ராத்திரிக்குள் பகுதிப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள், இரண்டு வாரத்துக்கு இரவல் தர முடியுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பேட்டரி நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.