மூன்று நொடி காத்திருப்போம்



இரண்டு மாதங்களாக என் குரல் கம்மியிருந்தது. இஞ்சியும் பனங்கற்கண்டும் பலன் தரவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மினால் மருத்துவரைக் காண வேண்டும் என்று அறிந்திருந்தும், பள்ளி வேலையைக் காரணம் காட்டி நாள் கடத்தினேன். பின்னர்ப் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் சென்றேன்.

அறைக்குள் இருந்தவர் மிகவும் இளையவர். ‘இவரா நிபுணர்?’ என்பதே என் முதல் எண்ணம். அவரோ கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி, “சொல்லுங்கள், சிக்கு” என்று மலாயில் ஆசிரியருக்குரிய மரியாதையோடு அழைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் சொல்லி முடித்த பின்பும் காத்திருந்தார். அந்த அமைதியில்தான், சொல்ல நினைத்திராததைச் சொன்னேன்: “என் தந்தை தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.”

அவர் மெல்லிய குழாய்க் கருவியை மூக்கின் வழியே செலுத்தித் திரையில் காட்டினார். குரல் நாண்களில் இரு சிறு முடிச்சுகள். மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்புக் காய்ப்பது போன்றவைதாம், புற்றுநோய் அன்று. பெண்கள் பேசுகையில் அந்த நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றனவாம். நாள் முழுதும் உரக்கப் பேசினால் என்னாகும்? உடனே அறுவை தேவையில்லை. குரல் பயிற்சி, போதிய தண்ணீர், கத்தாமை போதும் என்றார். கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வாகாது என எச்சரித்தார்.

வீடு திரும்பியபோது, நோயைவிட அவருடைய காத்திருப்பே நினைவில் நின்றது. 1984இல் பெக்மன், பிராங்கல் என்போர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டது தெரியவந்தது. மருத்துவர்களைக் குறை சொல்லுமுன் நம்மையும் பார்ப்போம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோவ் கண்டறிந்தார். மூன்று நொடி காத்திருந்தபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினர்.

என் வகுப்பில் சொல் தடுமாறும் ஒரு மாணவன் இருக்கிறான். அவனுடைய விடையை ஒவ்வொரு முறையும் நானே சொல்லி முடித்திருக்கிறேன். உதவி என்று எண்ணிச் செய்தேன். பெற்றோர் சந்திப்பிலும் அப்படித்தான். தேர்ச்சி அறிக்கையை விரித்து நானே பேசித் தீர்ப்பேன். அந்தத் தாய் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டதேயில்லை.

நாற்பது மாணவர்களுக்கும் காத்திருக்க நேரமேது என்று சிலர் கேட்கலாம். எல்லாக் கேள்விக்கும் வேண்டாம். சிந்திக்க வேண்டிய கேள்விக்கேனும் காத்திருக்கலாமே. பெற்றோர்களே, “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால், அடுத்த கேள்வியைச் சற்றே நிறுத்தி வையுங்கள்.

நேற்று அந்த மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் எண்ணினேன். மூன்றைத் தாண்டி ஏழு வரை எண்ண வேண்டியிருந்தது. விடையை அவனே சொன்னான்.