பார்த்தார்கள், புரிந்ததா?

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடெங்கும் இத்தகைய கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, பல பாடங்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இடம் மாறின. தமிழக அரசு 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்க முன்வந்தது. நல்ல உதவிதான். ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பகிர்ந்த வீட்டில் அது பாதித் தீர்வே.

இன்றும் பாடக்குறிப்புகள் குழுக்களில் வருகின்றன. நீலக்குறி செய்தி பார்க்கப்பட்டதைக் காட்டும்; பாடம் புரிந்ததைக் காட்டாது. குழுவில் கேட்கத் தயங்கும் மாணவரை, வகுப்பில் முகம் பார்த்தே ஆசிரியர் அறிந்துகொள்வார். அந்தப் பார்வையை எந்தக் குழுவும் தராது. எனவே நம் பிள்ளைகளிடம் "குழுவில் வந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "புரிந்ததா?" என்றும் கேட்போம்.