நர்சிங் சேர்க்கை: தரகருக்கு முன் பள்ளி பேசட்டும்



பிளஸ் டூ முடிவு வந்ததும், 'நீட் எழுதலையே டீச்சர், இனி எங்கே நர்சிங்?' என்று கேட்கும் மாணவிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தமிழக அரசின் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வுக்கு நீட் தேவையில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களை வைத்தே தரவரிசை. (ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் வேண்டும்; எய்ம்ஸுக்குத் தனித் தேர்வு.) இந்த அடிப்படைத் தகவல்கூட கிராமத்துப் பள்ளிகளை எட்டவில்லை.

அரசு நர்சிங் கல்லூரி சென்னை, மதுரை, சேலம் போன்ற சில ஊர்களில்தான் இருக்கிறது. கட்டணமும் குறைவு என்பதால் கட்-ஆஃப் எகிறுகிறது. அதில் இடம் கிடைக்காதவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் நுழைபவர்தான் தரகர். 'பெங்களூரில் சீட் இருக்கு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுங்க' என்பார். அப்படிக் கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பெற அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். சேரும் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கலந்தாய்வு விண்ணப்பத்துக்கான சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை ஏப்ரலுக்குள் வாங்கி வைக்கும்படி தலைமை ஆசிரியர்கள் வலியுறுத்த வேண்டும். தேர்வுக் குழுவும் முந்தைய ஆண்டின் கட்-ஆஃபைக் கல்லூரி வாரியாக, இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக, எளிய தமிழில் விண்ணப்பம் தொடங்கும் முன்பே எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும்.

– உயிரியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்